செருப்பை வெளியே விட்டோம், செல்போனை?

மதிப்பிற்குரிய மருத்துவக் கல்லூரி டீன்களுக்கும் ஆர்.எம்.ஓ.க்களுக்கும் (உறைவிட மருத்துவ அதிகாரிகள்) வணக்கம்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் லேபில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஆய்வக நுட்புநர், வார்டில் லேப் அண்ணன். கிருமி வளர்க்கும் பிளேட் ஊற்றுவது, மறுநாள் காலையில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது, இவ்வளவுதான் என் தொழில். டீனுக்கு நேரடியாகக் கடிதம் எழுதும் தைரியம் சர்வீஸில் இருந்தவரை வந்ததில்லை. பென்ஷன் வர ஆரம்பித்தபின் வந்திருக்கிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வருஷம் என் அக்காவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. நல்ல ஆஸ்பத்திரிதான், தரையில் முகம் பார்க்கலாம். ஆபரேஷன் முடிந்தவர்களைப் படுக்கவைக்கும் வார்டின் வாசலில் எப்போதும் ஒரு செருப்புக் குவியல் இருக்கும். 'காலணிகளை இங்கே கழற்றி விடவும்' என்று நீல எழுத்தில் போர்டு. அக்கா மகன் ஞாபகமறதியாக ஷூவோடு ஒரு அடி உள்ளே வைத்ததற்கு செக்யூரிட்டி போட்ட சத்தம் லிஃப்ட் வரை கேட்டது.

ஆறாம் நாள் தையல் ஓரத்தில் கசிவு தெரிந்தது. பஞ்சுக்குச்சியில் ஸ்வாப் எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க கல்ச்சருக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலையில் டிரஸ்ஸிங் மாற்ற ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி வந்தார். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசிருக்கும். "பாட்டி, கொஞ்சம் சுள்ளுனு இருக்கும், பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்த விதமே எனக்குப் பிடித்திருந்தது. கையுறை மாட்டினார். நனைந்திருந்த பழைய பஞ்சை எடுத்து மஞ்சள் வாளியில் போட்டார். காயத்தைப் பார்த்ததும் முகம் லேசாக மாறியது. கையுறைக் கையை அப்படியே கோட்டுப் பாக்கெட்டுக்குள் விட்டு செல்போனை எடுத்தார். குனிந்து இரண்டு படம், டார்ச் போட்டு இன்னொன்று. யூனிட் தலைவரான சீஃபுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பதில் வரும்வரை போனை அக்காவின் கால்மாட்டில் விரிப்பின் மேல் வைத்தார்.

அதன் பிறகு புதுக் கையுறை, புது டிரஸ்ஸிங், குறை சொல்ல ஒன்றுமில்லை. முடித்ததும் கையுறையைக் கழற்றினார். கட்டிலில் தொங்கிய சானிட்டைசர் பாட்டிலை அமுக்கி, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று ஒரு ஸ்டெப் விடாமல் முப்பது விநாடி தேய்த்தார். பரீட்சையாக இருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். தேய்த்து முடித்து, விரிப்பில் கிடந்த போனை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே இடுப்பு எலும்பு உடைந்து கம்பி வைத்த ஒரு பெரியம்மா.

அடுத்த நாள் ரிப்போர்ட் வந்தது. எம்.ஆர்.எஸ்.ஏ. மெத்திசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி.

அக்காவுக்கு அந்தப் போனிலிருந்துதான் வந்தது என்று நான் குற்றம் சாட்டவில்லை. மூன்று பேரில் ஒருவர் மூக்குக்குள் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் குடியிருக்கிறது. பெரும்பாலும் வாடகை பாக்கி வைக்காத நல்ல குடித்தனக்காரர்தான். தோல் கிழிந்தால்தான் குணம் மாறும். அக்காவுக்கு வந்த வழி எதுவாகவும் இருக்கலாம். எனக்கு உறைத்தது அடுத்த கட்டில் பெரியம்மா. கை சுத்தமாகப் போயிற்று, போன் அப்படியே போயிற்று.

அக்காவுக்கு வான்கோமைசின் என்ற மருந்தை டிரிப்பில் ஏற்ற எழுதினார்கள். ஒவ்வொரு டோஸும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக இறங்க வேண்டும். வேகமாக இறக்கினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுக்கும். மூன்று வாரம் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சொட்டு எண்ணினேன். எண்ணும்போது வேறு வேலை இல்லையா, கண் வார்டைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும்.

தரையை ஒரு அம்மா வேளைக்கு வேளை லைசாலில் துடைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாளில் கையெழுத்துப் போடுகிறார். கட்டில் காலியானால் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். டிரிப் ஸ்டாண்டு, பி.பி. கருவியின் பட்டை, ட்ராலி, எல்லாவற்றுக்கும் யாரோ பொறுப்பு. ஹெட் நர்ஸ் கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு. டாக்டர் பாக்கெட்டில் இருக்கும் போனுக்கு? கழுத்தில் தொங்கும் ஸ்டெத்துக்கு? ஐ.டி. கார்டின் நாடாவுக்கு, அது குனியும்போதெல்லாம் நோயாளியின் வயிற்றில் உரசுகிறதே, அதற்கு? எல்லா கேஸ் ஷீட்டிலும் எழுதிவிட்டுக் காதில் செருகும் பேனாவுக்கு? இவை எந்தத் தாளிலும் இல்லை. காரணம் எளிது. இவை ஆஸ்பத்திரி சாமான் இல்லை, அவரவர் சொந்தப் பொருள். ஸ்டாக் புக்கில் ஏறாத எதையும் நம்மூரில் யாரும் துடைக்க மாட்டார்கள்.

நான் சொல்ல வந்ததே இதுதான். கை கழுவச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். கழுவிய கை முதலில் தொடும் பொருளைப் பற்றி யாரும் பேசவில்லை.

என் பெருமையைச் சொல்ல வரவில்லை என்பதற்கு ஒரு சாட்சி. பல வருஷத்துக்கு முன் எங்கள் துறைப் பேராசிரியை மேடம் எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டினார். ஆளுக்கு ஒரு பிளட் அகார் பிளேட். ஆட்டு ரத்தம் கலந்து ஊற்றியது, பார்க்க குங்குமக் கலரில் ஜெல்லி மாதிரி இருக்கும். ஈரப் பஞ்சுக்குச்சியால் அவரவர் போனைத் துடைத்து, பிளேட்டில் இழுத்து, பெயர் எழுதி, முப்பத்தேழு டிகிரி இன்குபேட்டரில் வைத்தோம். ஆராய்ச்சி எல்லாம் இல்லை, பாடம். பிள்ளைகள் எல்லாம் முடித்துப் போனபின் ஒரு பிளேட் மிச்சம் இருந்தது. "நீங்களும் போடுங்க" என்றார் மேடம். எனக்கு அப்போது ஸ்மார்ட்போன் இல்லை. காதில் செருகியிருந்த பேனாவைத் துடைத்துப் போட்டேன்.

மறுநாள் பெரும்பாலான பிளேட்டில் வெள்ளை வெள்ளையாக, தோலில் எல்லோருக்கும் இருக்கும் சாதுக் கிருமிகள். பிள்ளைகள் 'ச்சீ' என்று சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்கள், அதே போனில். இரண்டு மூன்று பிளேட்டில் மட்டும் பொன்னிற மொட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி ரத்தம் கரைந்து தெளிந்த ஒரு வட்டம். அதை முயல் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) கலந்து வைத்தால் நாலு மணி நேரத்தில் டியூபுக்குள் தயிர் மாதிரி உறைந்தது. ஆரியஸ்தான். மெத்திசிலினுக்கு அடங்குமா என்று பார்க்க, அதை வேறு பிளேட்டில் பரப்பி, நடுவே 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் மருந்து வில்லையை வைத்தோம். மருந்துக்கு அடங்கும் கிருமி என்றால் வில்லையைச் சுற்றிக் குறைந்தது 22 மில்லிமீட்டர் குறுக்களவுக்கு ஒன்றும் முளைக்காது. அதில் ஒரு பிளேட்டில் கிருமி வில்லையின் விளிம்பு வரை வந்து முட்டிக்கொண்டு நின்றது.

அந்தப் பிளேட்டில் ஒட்டியிருந்த பெயர் என்னுடையது.

கையுறை போட்டு வேலை செய்தவன்தான் நான். ஆனால் நடுவில் ரிஜிஸ்டர் எழுதப் பேனாவை எடுப்பேன். எழுதிவிட்டுக் காதில் செருகுவேன். சாயந்திரம் அதே பேனா சட்டைப் பையில் வீட்டுக்கு வரும். அதை வைத்து என் மகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து லேப் பேனா லேபிலேயே, நூலில் கட்டி.

கிருமி காய்ந்த பொருளில் சீக்கிரம் செத்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எங்களுக்கே அந்த நினைப்பு இருந்தது. ஜெர்மனி ஆய்வாளர்கள் சிலர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உலர்ந்த பரப்பில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், எம்.ஆர்.எஸ்.ஏ. உட்பட, 7 நாளிலிருந்து 7 மாதம் வரை உயிரோடு இருக்கலாம். ஐ.சி.யூ.க்களைப் படுத்தி எடுக்கும் அசினெட்டோபாக்டர் 3 நாளிலிருந்து 5 மாதம் வரை. இந்தக் கணக்கில், பொங்கலுக்கு ஒட்டியது சித்திரை வெயிலிலும் அதே உறையில் உட்கார்ந்திருக்க இடம் உண்டு. போன் உறையின் ரப்பர் விளிம்பைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? ஒருமுறை பாருங்கள்.

ஸ்டெத் விஷயம் இன்னும் சுவாரசியம். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில், நோயாளியைப் பரிசோதித்த டாக்டரின் கையையும் ஸ்டெத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். விரல் நுனியில்தான் கிருமி அதிகம், எதிர்பார்த்ததுதான். அதற்கு அடுத்த இடம் உள்ளங்கைக்கு இல்லை, ஸ்டெத்தின் வட்டத் தகட்டுக்கு. அதுவும் ஒரே ஒரு நோயாளியைப் பார்த்தபின். கையைக் கழுவுகிற டாக்டர், கைக்கு நிகராக அழுக்கான இன்னொரு கையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

துருக்கியில் 200 மருத்துவமனைப் பணியாளர்களின் போன்களைச் சோதித்து 2009-ல் எழுதினார்கள். 94 சதவீதத்துக்கு மேல் கிருமி. அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், கோயில் மணியைத் துடைத்தாலும் ஏதாவது முளைக்கும். கவனிக்க வேண்டியது அடுத்த வரி. போன்களில் கிடைத்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் ஏறக்குறைய பாதி, மெத்திசிலினுக்கு அடங்காதவை. நியூயார்க்கில் 2004-ல் டாக்டர்களின் கழுத்து டையைச் சோதித்தவர்கள் கூட உண்டு. 42 டைகளில் 20-ல் நோய் உண்டாக்கக்கூடிய கிருமி இருந்தது. அதே ஆஸ்பத்திரி செக்யூரிட்டிக்காரர்கள் பத்துப் பேரின் டையில் ஒன்றே ஒன்றில்தான். நம்மூரில் டை கட்டும் டாக்டர்கள் குறைவு, அந்த வகையில் வெயிலுக்கு நன்றி.

டைக்குப் பதில் நமக்குக் கோட்டு இருக்கிறது. காலை பத்தரை மணிக்கு எந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்கும் போய்ப் பாருங்கள். வெள்ளைக் கோட்டுகள் வரிசையாக பெஞ்சில். வலது கை மடிப்பில் வடை எண்ணெய், இடது பாக்கெட்டில் ஸ்டெத், நுனி வெளியே தொங்கி பெஞ்சைத் தொடும். நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவன்தான். பசி நேரத்தில் யாரும் கோட்டைக் கழற்றி மாட்ட இடம் தேடுவதில்லை, தேடினாலும் இடம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை டாக்டர்கள் கறுப்புக் கோட்டுதான் போட்டார்கள். கிருமி என்று ஒன்று இருக்கிறது, சுத்தம் முக்கியம் என்று உறைத்தபின்தான் வெள்ளைக்கு மாறினார்கள். அழுக்கு தெரிய வேண்டும் என்பதற்காக வந்த உடை அது. இப்போது அழுக்கு தெரிந்தாலும் பார்ப்பவர் இல்லை. ஹாஸ்டல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரே கோட்டு. துவைத்துப் போட்டால் மறுநாள் காய வேண்டும், மழைக்காலத்தில் காயாது. ஆகவே துவைப்பது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் அந்த ஞாயிறு டூட்டி இல்லாதிருந்தால்.

பிரிட்டன் 2007-ல் ஒரு முடிவெடுத்தது. நோயாளியைத் தொடும் நேரத்தில் முழங்கைக்குக் கீழே ஒன்றும் கூடாது: முழுக்கை கோட்டு, கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம், டையும் வேண்டாம். மங்களூரைச் சேர்ந்த ஓர் இளம் மருத்துவர், இந்திய டாக்டர்களும் மாணவர்களும் வெள்ளைக் கோட்டையே விட்டுவிடலாம் என்று 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அந்த அளவுக்கு நான் போக மாட்டேன். பட்டிக்காட்டிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பிள்ளை அந்தக் கோட்டைப் போட்ட அன்று அப்பா அம்மாவோடு எடுத்த போட்டோ வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும். அதைக் கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது. நேர்மையாகச் சொன்னால், கோட்டில் கிருமி இருக்கிறது என்பதற்கு ஆதாரம் ஏராளம். கோட்டிலிருந்துதான் இந்த நோயாளிக்குப் போனது என்பதற்கு ஆதாரம் குறைவு. அமெரிக்காவின் மருத்துவமனைத் தொற்றியல் சங்கம் 2014-ல் வழிகாட்டுதல் எழுதியபோது இதை ஒளிக்கவில்லை. ஒளிக்காமலே, கோட்டு போடுவதென்றால் ஆளுக்குக் குறைந்தது இரண்டு கொடு, துவைக்க வசதி செய், நோயாளியைத் தொடுமுன் கழற்றி மாட்ட ஒரு கொக்கி வை என்றது. கொக்கி! நமக்கும் இது கட்டுப்படியாகும் என்று தோன்றுகிறது.

'இவ்வளவு நாள் இப்படித்தானே ஓடியது' என்று கேட்பீர்கள். நியாயம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையில் ஒட்டிய கிருமி போனால் போகட்டும் என்று விடக்கூடியதாக இருந்தது, மருந்து கேட்கும். இப்போது கேட்பதில்லை. மெத்திசிலின் 1959-ல் புழக்கத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் அதற்கு அடங்காத ஆரியஸைப் பற்றி 1961-லேயே எழுதிவிட்டார்கள். ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் சேரும் காலம் கூட அந்த மருந்துக்குக் கிடைக்கவில்லை. டெல்லியில் சிகிச்சை பெற்று ஊர் திரும்பிய ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் 2008-ல் கண்டெடுத்த என்.டி.எம்.-1 விவகாரம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசிக்கட்ட மருந்தான கார்பபெனத்தையே உடைக்கும் நொதி அது. அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய 2010-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர், அந்த நொதி இருந்த கிருமிகளில் 44 சென்னையிலிருந்து எடுத்தவை. என்.டி. என்றால் நியூ டெல்லி. பெயரில் டெல்லி இருப்பதால் ஊரே கொதித்தது. அந்த 44-ஐப் பற்றி நாம் கொதிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 2012-ல், மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கட்டுப்படுத்த மருத்துவச் சங்கங்கள் கூடி எழுதிய திட்டத்துக்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர் வந்தது. 2014-லிருந்து, வீரியமான ஆன்டிபயாடிக்குகள் அடங்கிய ஷெட்யூல் எச்1 பட்டியல் மருந்துகளை விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எழுதித் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்று சட்டம். எத்தனை கடையில் அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறீர்கள் என்று உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். 2019-ல் மட்டும் உலகத்தில் மருந்துக்கு அடங்காத கிருமியால் நேரடியாக இறந்தவர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது.

மருந்தை அளவாகக் கொடுப்பது பெரிய விஷயம், அது டாக்டர்கள் பேச வேண்டிய பேச்சு. ஆபரேஷனுக்கு முன் ஒரு டோஸ் போதும், முடிந்தபின் தொடராதே என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சொன்னபிறகும் ஐந்து நாள் ஊசி போகும் கேஸ் ஷீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு லேப்காரன் அதில் மூக்கை நுழைத்தால் மரியாதை இருக்காது. போனும் பேனாவும் என் எல்லைக்குள் வருகிறவை.

வார்டுக்குள் போனைத் தடை செய்யுங்கள் என்று கேட்கப் போகிறேன் என்று நினைத்தால், இல்லை. கண்மணியைப் பார்க்க டார்ச் அதில்தான். டிரிப் கணக்கு அதில்தான். ராத்திரி இரண்டு மணிக்கு சீஃபை எழுப்பாமல் எக்ஸ்ரேயை அனுப்புவது அதில்தான். ரத்தம் கேட்டு அலைவது அதில்தான். தடை போட்டால் ஒரு வாரம் சர்க்குலர் சுற்றும், அப்புறம் எல்லோரும் பாத்ரூமில் போய்ப் பேசுவார்கள், அது இன்னும் மோசம். போன் இப்போது வார்டின் கருவி. பி.பி. கருவியைத் துடைக்கிற மாதிரி அதையும் துடைக்க ஓர் ஏற்பாடு வேண்டும், அவ்வளவுதான்.

நர்சிங் ஸ்டேஷனில் 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துடைப்புத் தாள் ஒரு டப்பா இருக்கட்டும். டூட்டி மாறும்போது, நோயாளிகளைக் கை மாற்றிக் கொடுக்கிற அந்தப் பத்து நிமிஷத்தில், போன், ஸ்டெத், ஐ.டி. கார்டு, பேனா நான்கையும் ஒரு இழுப்பு. டிரஸ்ஸிங்குக்கு நடுவில் போனைத் தொட்டால் கை கழுவுமுன் அதையும் துடைக்கட்டும். 'போன் கெட்டுவிடும்' என்பார்கள். சார்ஜ் போடும் ஓட்டைக்குள் ஈரம் போகாமல் லேசாகத் துடைத்தால் கெடாது. இந்த 70 சதவீத ஐசோபுரப்பைல் தாளால் துடைக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2020-ல் சொல்லிவிட்டது. ஸ்டோரில் சுத்த ஸ்பிரிட் இருக்கிறதே, அது இன்னும் வீரியம்தானே என்று எந்த அட்டெண்டராவது கேட்பார். தண்ணீர் கலந்த 70-தான் கிருமியின் புரதத்தைச் சரியாகக் குலைக்கும். சுத்த ஸ்பிரிட் வேகமாகப் பறந்துவிடும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் வித்துகள் மட்டும் ஆல்கஹாலுக்கு மசியாது, அந்த நோயாளி இருக்கும் அறைக்குள் போன் போகாமல் இருப்பது உத்தமம். அப்புறம், போனைப் புறஊதா வெளிச்சத்தில் வைத்துச் சுத்தம் பண்ணும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பெனி ரெப்புகள் வருவார்கள். டெண்டர் போடாதீர்கள். அந்தக் காசுக்கு இரண்டு வருஷத் துடைப்புத் தாள் இண்டென்ட் போடலாம்.

கோட்டுக்கு நான் கேட்பது மூன்று விஷயம்தான், மூன்றும் தச்சரும் சலவைக்காரரும் செய்கிற வேலை. கேண்டீன் வாசலிலும் வார்டு வாசலிலும் வரிசையாகக் கொக்கி. அரைக்கை கோட்டு, மே மாத மதுரையில் முழுக்கை கோட்டு யாருக்கு வேண்டும் என்று பிள்ளைகளையே கேளுங்கள். ஆஸ்பத்திரி விரிப்பு வெந்நீரில் துவைக்கப் போகும்போது கோட்டும் கூடப் போகட்டும், வாரத்துக்கு ஒரு முறையாவது.

ஹாஸ்டலையும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஒரு அறையில் மூன்று பேர், ஒரே ட்ரிம்மர், அவசரத்துக்கு யார் துண்டு கைக்கு வருகிறதோ அது, கதவுக்குப் பின்னால் நேற்றைய கோட்டு. 2003-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்கிற அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஐந்து வீரர்களுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. கட்டிகள் வந்தன. மலைமாதிரி ஆட்கள், நோயாளிகள் கிடையாது. விசாரித்துப் பார்த்தால், செயற்கைப் புல்லில் விழுந்து உரசிய காயம், மைதானத்தில் ஒரே துண்டை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றித் துடைத்துக்கொள்வது. பகலெல்லாம் வார்டில் இருந்துவிட்டு வரும் நம் பிள்ளைகளின் துண்டு அதைவிட எந்த விதத்தில் தேவலாம்? ட்ரிம்மரும் ரேசரும் துண்டும் ஆளுக்கொன்று என்பதை வார்டன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வரும். உங்கள் எல்லோரிடமும் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு இருக்கிறது, அதற்கென்று ஒரு சிஸ்டரும் இருக்கிறார். பாவம், அவருக்கு ஏற்கெனவே ஆயிரம் ரிஜிஸ்டர். ஆஸ்பத்திரிச் சுத்தத்துக்கு மார்க் போடும் காயகல்ப் குழு வரும் வாரத்தில் அவர் ஓடுகிற ஓட்டம் எனக்குத் தெரியும். தரை துடைக்கும் தாளிலேயே கீழே ஒரு வரி சேருங்கள்: 'சொந்தப் பொருள்கள் துடைக்கப்பட்டன'. கையெழுத்து அந்த ஷிப்டின் டியூட்டி டாக்டருடையது. சிஸ்டர் கையில் அதைத் தள்ளிவிடாதீர்கள், தள்ளினால் ஒரு மாதத்தில் அது மற்ற ரிஜிஸ்டர்களைப் போல முன்கூட்டியே நிரம்பியிருக்கும். சீஃப் ரவுண்ட்ஸ் ஆரம்பிக்கும்போது முதலில் தன் ஸ்டெத்தைத் துடைத்துவிட்டு நடந்தால், பின்னால் வரும் பதினைந்து பேரும் துடைப்பார்கள். எங்கள் பழைய மெடிசின் சீஃப் ஒருவர் ஷூவுக்கு பாலீஷ் போட ஆரம்பித்தார் என்று யூனிட்டே பாலீஷ் போட்டதை நான் பார்த்தவன்.

யாருடைய போனிலாவது கிருமி வந்தால் மெமோ கொடுக்காதீர்கள். 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ், பிரசவ வார்டுக்கு வருமுன் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவச் சொன்னார். தாய்மார் சாவு மளமளவென்று குறைந்தது. ஆனால் 'உங்கள் கைதான் கொல்கிறது' என்று கேட்க சக டாக்டர்களுக்குப் பொறுக்கவில்லை, அவரை ஒதுக்கினார்கள். ஒருவர் கையைக் குற்றம் சொல்வது அவ்வளவு லேசான காரியம் இல்லை. போனும் இப்போது கையின் நீட்சிதான், சொல்கிற விதத்தில் சொல்ல வேண்டும். அக்காவுக்கு டிரஸ்ஸிங் செய்த தம்பியிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரிப்போர்ட் வந்த அன்று அவர் அடுத்த டிரஸ்ஸிங்குக்கு வந்தபோது, "தம்பி, போனை இப்படிக் குடுங்க, போட்டோ நான் எடுக்கிறேன், நீங்க காயத்தைப் பாருங்க" என்றேன். ஒரு விநாடி என்னைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார், புரிந்துகொண்டார். மறுநாளிலிருந்து அவர் போன் ஒரு ஜிப் கவரில் இருந்தது. டிரஸ்ஸிங் முடிந்ததும் கவரைக் கழற்றி மஞ்சள் வாளியில் போட்டார். பிளாஸ்டிக் சிவப்பு வாளிக்குப் போக வேண்டும், அதையும் சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

போஸ்டர் ஒட்ட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சுவரில் இருக்கும் போஸ்டர்களையே யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு வருஷமும் புது ஹவுஸ் சர்ஜன்கள் சேரும் முதல் வாரத்தில் ஆளுக்கு ஒரு பிளேட் கொடுங்கள். தன் பெயர் எழுதிய பிளேட்டில் தன் போனிலிருந்து முளைத்ததைக் கண்ணால் பார்த்தவர் மறக்க மாட்டார், நான் என் பேனாவை மறக்காத மாதிரி. பிளேட்டில் ஊற்றும் ஜெல்லிக்குப் பெரிதாகச் செலவு ஆகாது. ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், எந்தக் கல்லூரியானாலும் வந்து ஊற்றிக் கொடுக்கிறேன், சம்பளம் வேண்டாம். ஆட்டு ரத்தமும் இன்குபேட்டரில் ஒரு தட்டு இடமும் நீங்கள் ஏற்பாடு செய்தால் போதும். அக்கா இப்போது கைத்தடி இல்லாமல் மாடி ஏறுகிறார், எனக்கும் வீட்டில் வேறு வேலை இல்லை. சனிக்கிழமை காலை என்றால் ஞாயிறு பார்த்துவிட்டு ஊர் திரும்ப வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்